‘ஷெட்யூல்’ என்னும் சொல்லின் வரலாறு

நாம் பணியாற்றும் அரசுப் பள்ளியில் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்களை நிரப்பும் நாட்கள் ஆண்டுதோறும் வரும். சென்ற ஆண்டு அத்தகைய நாளொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் விண்ணப்பத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நம் அறை வாயிலில் நெடுநேரம் நின்றிருந்தான். உள்ளே அழைத்து என்னவென்று வினவினோம்.

“ஐயா, ஷெட்யூல்டு என்றால் தாழ்ந்தது என்றுதானே பொருள்?” என்றான்.

“யார் அப்படிச் சொன்னார்கள்?” என்று கேட்டோம்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஐயா” என்றான்.

நாம் விடை கூறவில்லை. மேசை மீதிருந்த ஆங்கில அகராதியை எடுத்து அவன் கையில் கொடுத்து, அச்சொல்லைத் தேடிப் படிக்கச் சொன்னோம். விரலை வைத்து வரிவரியாகப் படித்தான். பட்டியல், அட்டவணை, கால நிரல் என்ற பொருள்களே அங்கிருந்தன. இரண்டு முறை படித்துவிட்டு நிமிர்ந்து, “தாழ்ந்தது என்று இதில் எங்கும் இல்லையே, ஐயா!” என்றான். அவன் முகத்தில் அப்போது தோன்றிய வியப்பை நாம் இன்னும் மறக்கவில்லை.

மறக்க இயலாமைக்குக் காரணம் உண்டு. நம் மாணவப் பருவத்திலும் இதே நிலைதான். உதவித்தொகை வழங்கும் நாளில் எழுத்தர் ஒருவர் தாழ்வாரத்தில் நின்று, “எஸ்.சி. எல்லாம் வரிசையாக நில்லுங்கள்” என்று பள்ளி முழுவதும் கேட்கும்படி குரல் கொடுப்பார். நாம் தலை குனிந்து சென்று நிற்போம். அவ்விரண்டு எழுத்துகள் எச்சொல்லின் சுருக்கம், அச்சொல்லுக்கு என்ன பொருள் என்று நமக்கு எவரும் சொல்லித் தரவில்லை. நாமும் கேட்கத் துணியவில்லை. அது ஓர் இழிசொல் என்றே எண்ணிப் பத்தாண்டுப் பள்ளி வாழ்க்கையைக் கழித்தோம். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் எவரும் அத்தவற்றைச் செய்யலாகாது என்னும் கருத்துடனேயே இச்சொல்லின் வரலாற்றை ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

சொல்லின் பிறப்பு

‘ஷெட்யூல்’ என்பது ஆங்கிலத்திற்கு வந்து சேர்ந்த சொல்லேயன்றி, ஆங்கில மண்ணில் பிறந்த சொல் அன்று. பண்டை நாளில் நைல் ஆற்றங்கரை நாணற் புல்லிலிருந்து ‘பாப்பிரஸ்’ என்னும் எழுதுதாள் செய்தனர். அத்தாளின் ஒரு துண்டுக்கு இலத்தீன் மொழியில் ‘ஸ்கேடா’ என்று பெயர். சிறு துண்டு ‘ஸ்கேடுலா’ எனப்பட்டது. நம் முன்னோர் பனையோலையை வெட்டி ‘ஓலை நறுக்கு’ என்று வழங்கினார்கள் அல்லவா? அதைப் போன்றதே இதுவும்.

இந்நறுக்கு பல நாடுகளுக்குப் பயணம் செய்தது. ஜெர்மன் மொழியில் ‘செட்டல்’ என்றால் இன்றும் துண்டுச் சீட்டுதான். ஸ்பானிய மொழியில் அது ‘செதுலா’ ஆயிற்று. தென்னமெரிக்க நாடுகள் பலவற்றில் குடிமக்களின் அடையாளச் சான்றுக்கு இன்று அதுவே பெயர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது ‘செட்யூல்’ என்றே ஒலித்தது. பின்னர்க் கற்றோர் இலத்தீன் எழுத்துமுறையைப் பின்பற்றி எழுத்துகளைக் கூட்டினர். எழுத்து மாறியதும் ஒலியும் மாறியது. இன்று இங்கிலாந்தில் ‘ஷெட்யூல்’ என்கின்றனர். அமெரிக்கர் தம் அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டரின் கருத்துக்கிணங்க ‘ஸ்கெட்யூல்’ என்கின்றனர். இரண்டும் பிழையல்ல. நம் மாணவர் எதைக் கூறினாலும் அஞ்ச வேண்டுவதில்லை.

பொருளும் படிப்படியாக வளர்ந்தது. முதலில் அது வெறும் துண்டுத்தாள். பிறகு, பெரிய ஆவணம் ஒன்றன் இறுதியில் விளக்கத்திற்காக இணைக்கப்படும் தாள். அதன்பின், சட்டத்தின் இறுதியில் சேர்க்கப்படும் பட்டியல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதைகள் பெருகியபோது, வண்டிகள் வந்து போகும் நேரங்களின் நிரலுக்கும் அமெரிக்காவில் இச்சொல் வழங்கலாயிற்று. தேர்வுக்கால அட்டவணை, விமான நேரம் ஆகியவற்றுக்கு நாம் இன்று வழங்கும் பொருள் இவ்வாறு வந்ததே. ஆகவே ‘நேரம்’ என்பது இச்சொல்லின் இளைய பொருள். ‘பட்டியல்’ என்பது மூத்த பொருள். நம்மைக் குறிக்கும் தொடரில் உள்ளது மூத்த பொருளே.

சட்டத்தில் இதன் பயன்

சட்டம் இயற்றுவோர் விதிகளை முன்னே எழுதுவர். நீண்ட பெயர் வரிசைகளை விதிகளுக்கு நடுவே எழுதினால் படிப்போர் வழி தவறுவர். ஆதலால் அவற்றை இறுதியில் தனித்தாளாக இணைத்து, ‘இவ்விதி பட்டியலில் கண்டவற்றுக்குப் பொருந்தும்’ என்று மட்டும் விதியில் கூறிவிடுவர். அத்தனித்தாளே ஷெட்யூல்.

இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் உணரலாம். 1934ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாம் ஷெட்யூலில் பெயர் இடம்பெற்ற வங்கிகளுக்கு ‘ஷெட்யூல்டு வங்கிகள்’ என்று பெயர். அவ்வரிசையில் இடம் பெறுவதை வங்கிகள் பெருமையாகக் கொள்ளுகின்றன. மருந்துக்கடையில் வாங்கும் பல மருந்து அட்டைகளில் ‘ஷெட்யூல் எச்’ என அச்சிட்டிருக்கும். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியல் அது. இவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. நம் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் ஷெட்யூலில் இந்திய மொழிகளின் பெயர்கள் உள்ளன. 1950இல் பதினான்காக இருந்த அவை இன்று 22 ஆகியுள்ளன. தொடக்கம் முதலே அவ்வரிசையில் இருப்பது நம் தமிழ். எனவே தமிழும் ஒரு ‘ஷெட்யூல்டு’ மொழியே. வங்கிக்கும் தமிழுக்கும் இழிவு தராத சொல், மனிதனுக்கு மட்டும் எப்படி இழிவு தரும்? இளைஞர்கள் சிந்திக்க வேண்டும்.

முன்னிருந்த பெயர்கள்

இச்சொல் நம்மிடம் வருமுன் நமக்கு எத்தனையோ பெயர்கள் பிறரால் சூட்டப்பட்டன. அவற்றுக்கெதிராக நம் பெரியோர் நடத்திய போராட்டம் தனியொரு வரலாறு. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கி, சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பூர்வ பௌத்தர் என்றும் நம்மை அழைத்தார். இரட்டைமலை சீனிவாசனார் வேறு வழியைத் தேர்ந்தார். எப்பெயரால் இகழ்ந்தார்களோ அப்பெயரையே தலைப்பாகக் கொண்டு 1893இல் ‘பறையன்’ என்னும் இதழை நடத்தினார். ஒருவர் பெயரை மாற்றினார். மற்றவர் பெயரை நிமிர்த்தினார். இருவர் நோக்கமும் ஒன்றே. 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா அவர்கள் எடுத்த முயற்சியால், பஞ்சமர் முதலிய பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்னும் பெயர்கள் அரசு வழக்கில் ஏற்கப்பட்டன.

ஆங்கில ஆட்சியின் ஏடுகளிலோ ‘டிப்ரஸ்டு’ வகுப்பினர் என்ற பெயர் நிலைத்திருந்தது. கீழ்நோக்கி அழுத்தப்பட்டவர் என்பது அதன் நேர்ப்பொருள். எம்.சி. ராஜா அவர்கள் அடிப்படையில் ஓர் ஆசிரியர். 1925இல் தாம் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பில் அவர் ‘டிப்ரஸ்டு’ என்று எழுதவில்லை. ‘ஒப்ரஸ்டு’, அதாவது ஒடுக்கப்பட்டோர் என்று எழுதினார். இரண்டும் அழுத்துதல் என்னும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிறந்தவையே. ஆயினும் முன்னதைக் கேட்பவருக்கு அழுந்திக் கிடப்பவன் மட்டுமே தெரிவான். பின்னதைக் கேட்டவுடன் அழுத்துபவன் யார் என்ற வினா எழும். ஓர் எழுத்துக்கூட்டம் மாறினால் குற்றம் யாருடையது என்பதே மாறிவிடுகின்றது. சொல்லாராய்ச்சி வீண் வேலை என்போர் இதனைக் கருதுக.

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் என்பார் ‘வெளிப்புறச் சாதிகள்’ என்னும் பெயரை ஆண்டார். ஒரு வகுப்பார் இவ்வகையினர்தாமா என்றறிய அவர் சில சோதனைகளையும் வகுத்தார். இவர்களுக்குப் புரோகிதர், முடிதிருத்துவோர், தண்ணீர் சுமப்போர், தையற்காரர் பணி செய்வார்களா? இவர்கள் தொட்டாலோ நெருங்கினாலோ தீட்டு எனக் கருதுகிறார்களா? இவர்கள் கையால் தண்ணீர் வாங்குவார்களா? சாலை, ஓடத்துறை, கிணறு, பள்ளி, கோயில் ஆகியவற்றில் தடை உண்டா? இவையே அவ்வினாக்கள்.

நம் இளைஞர்கள் இங்கே நின்று ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இவ்வினாக்கள் எதனைக் காட்டுகின்றன? அரசாங்கம் தாளில் எழுதுவதற்கு நெடுங்காலம் முன்பே ஒவ்வோர் ஊரிலும் ஒரு பட்டியல் இருந்தது. யார் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாகாது, எந்தத் தெருவில் நடக்கலாகாது, எந்தத் திண்ணையில் அமரலாகாது என்பதே அப்பட்டியல். அதனை எவரும் தாளில் எழுதவில்லை. ஆனால் எல்லாரும் மனப்பாடமாக அறிந்திருந்தனர். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் அனைவருக்கும் உரிமை உண்டென்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்ததும், டாக்டர் அம்பேத்கர் 1927இல் மகாடு நகரின் பொதுக்குளத்தில் மக்களோடு சென்று நீர் அருந்தியதும் அந்த எழுதாப் பட்டியலைக் கிழிப்பதற்கேயாம்.

பெயர் மாறியது எப்படி?

1930 முதல் 1932 வரை இலண்டனில் வட்டமேசை மாநாடுகள் நடைபெற்றன. முதல் இரு மாநாடுகளிலும் நம் மக்களின் பிரதிநிதிகளாக அமர்ந்தவர்கள் டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும். 1931 நவம்பரில் அவ்விருவரும் அளித்த துணைக் கோரிக்கையில் அரசியல் உரிமைகளோடு பெயரைப் பற்றியும் எழுதினார்கள். ‘டிப்ரஸ்டு’ என்னும் பெயர் சிந்திப்போர் மனத்தைப் புண்படுத்துகின்றது. அதனை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். தொகுதியும் வாக்கும் பேசும் அவையில் சொல்லைப் பற்றியும் பேசினார்கள் என்றால், அவர்கள் சொல்லின் வலிமையை எவ்வளவு உணர்ந்திருக்க வேண்டும்!

1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித்தொகுதி முறை கைவிடப்பட்டது. தீர்ப்பில் 71ஆக இருந்த மாகாண இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்திற்கு 18 என்றிருந்தது 30 ஆயிற்று. இப்போது ஒரு கேள்வி எழுந்தது. இவ்விடங்கள் யாருக்கு? சோதனை வினாக்களை வைத்து ஊர் ஊராக வழக்காடிக் கொண்டிருக்க இயலுமா? எங்கள் மாகாணத்தில் தீண்டாமைக்கு ஆட்பட்டோர் மிகச் சிலரே என்று எண்ணிக்கையைக் குறைத்துக் காட்ட முயன்றோரும் அன்று இருந்தனர். உரிமை தரும் சட்டத்திற்கு ஐயத்திற்கிடமில்லாத பெயர் வரிசை தேவைப்பட்டது.

அதனால் 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் ‘ஷெட்யூல்டு’ சாதிகள் என்னும் தொடரை ஆண்டது. முன்பு ‘டிப்ரஸ்டு’ எனப்பட்டோருக்கு நிகரான வகுப்பினர் எவரென மன்னர் தம் ஆணையால் குறிப்பிடுவார் என்று அச்சட்டம் கூறிற்று. 1936 ஏப்ரல் 30ஆம் நாள் அவ்வாணை பிறந்தது. அதனோடு இணைந்த ஷெட்யூலில் மாகாண வாரியாகச் சாதிப் பெயர்கள் அடுக்கப்பட்டன. நம் பெயர்கள் முதன்முறையாக உரிமைக்காக எழுதப்பட்ட தாள் அதுவே எனலாம்.

நம் தலைவர்கள் அச்சொல்லை வெறுத்து ஒதுக்கவில்லை. 1942இல் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் உருவாக்கிய இயக்கத்திற்கு அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனம் என்றே பெயர். அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் நம் தமிழ் மண்ணின் என். சிவராஜ் அவர்கள். ‘அரிசன்’ என்னும் பெயரோ அவர்களால் ஏற்கப்படவில்லை. அது பிறர் இரக்கத்தால் தந்த பெயர். ஷெட்யூல்டு என்பதோ சட்டம் தந்த பெயர். இரக்கத்தை வழங்குபவர் திரும்பப் பெறலாம். சட்டத்தின் முன் நின்று நாம் கேட்கலாம். 1982இல் சாதிச் சான்றிதழ்களில் ‘அரிசன்’ என்று எழுதலாகாது என மத்திய அரசே அறிவுறுத்தியது.

பட்டியல் இன்று எங்குள்ளது?

இச்சாதிகளின் பெயர்கள் அரசமைப்புச் சட்டத்தின் ஷெட்யூல் ஒன்றில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். சில ஆசிரியர்களும் அவ்வாறே கற்பிக்கின்றனர். அது பிழை. அரசமைப்பில் இன்று 12 ஷெட்யூல்கள் உள்ளன. அவற்றுள் எதிலும் அப்பெயர்கள் இல்லை. 341ஆம் உறுப்பின் வழி குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்டு 10இல் ஓர் ஆணை பிறப்பித்தார். அவ்வாணையோடு இணைந்த தனி ஷெட்யூலில்தான் மாநில வாரியாகப் பெயர்கள் உள்ளன. வெளியிட்ட பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தாலன்றி இயலாது. மாநில அரசும் நீதிமன்றமும்கூட அதில் கைவைக்க முடியாது. தமிழ்நாட்டில் ஏழு பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என ஒருங்கிணைத்த மாற்றமும் 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தாலேயே நிறைவேறியது.

பட்டியல் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். வேலை தேடி வேற்று மாநிலம் செல்லும் நம் பிள்ளைகள், அங்குள்ள மாநில அரசின் சலுகையைத் தம் ஊர்ச் சான்றைக் காட்டிப் பெற இயலாது என்பதை அறிந்திருக்க வேண்டும். சமயத்தைப் பற்றிய விதியும் அவ்வாணையிலேயே உள்ளது. 1950இல் இந்துக்களுக்கும், பஞ்சாப் பகுதிச் சீக்கியருள் சில வகுப்பினருக்கும் மட்டும் இருந்த உரிமை 1956இல் சீக்கியர் அனைவர்க்கும், 1990இல் பௌத்தர்க்கும் விரிந்தது. கிறித்தவராகிய நம் உறவினர் இன்றும் அதற்கு வெளியே நிற்கின்றனர். ஒரே தெருவில், ஒரே இழிவைச் சுமந்தவருள் ஒருவர் பட்டியலில் உள்ளார், மற்றவர் இல்லை. இக்குறை எண்ணத்தக்கது.

இன்னொரு மயக்கமும் உண்டு. ‘பத்தாண்டுக்கு மட்டும் தந்த சலுகையை இன்னும் அனுபவிக்கிறீர்களே’ என்று நம் பிள்ளைகளைக் கேட்போர் பலர். பத்தாண்டு என்னும் எல்லை 334ஆம் உறுப்பில் சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதி ஒதுக்கீட்டிற்கு மட்டும் விதிக்கப்பட்டது. அது அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டின் திருத்தப்படி 2030 சனவரி வரை நீளுகின்றது. கல்வியிலும் அரசுப் பணியிலும் உள்ள இடஒதுக்கீட்டிற்கு அரசமைப்பு எந்த ஆண்டெல்லையும் வகுக்கவில்லை. நம்மைக் குறிக்கும் ஷெட்யூல் பட்டியலேயன்றிக் காலக்கெடு அன்று என நாம் முன்னர்க் கூறியது இதற்காகவே. கேட்பவருக்குச் சினமின்றி இதனை எடுத்துரைக்க நம் இளைஞர்கள் பழக வேண்டும்.

தமிழில் நேர்ந்த பிழை

ஆங்கிலத்தில் 1935இலேயே சொல் மாறிவிட்டது. தமிழிலோ நெடுங்காலம் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்றே எழுதி வந்தோம். இது ‘ஷெட்யூல்டு’ என்பதன் மொழிபெயர்ப்பன்று. பழைய ‘டிப்ரஸ்டு’ என்பதன் மொழிபெயர்ப்பு. கைவிடப்பட்ட சொல்லின் நிழல் நம் மொழியில் தங்கிவிட்டது. அம்மாணவன் உள்ளத்தில் இருந்ததும் அந்நிழலே. பட்டியல் சாதியினர், அட்டவணைச் சாதியினர் என்பவையே நேரான மொழிபெயர்ப்புகள்.

ஆயினும் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்னும் சொல்லுக்கும் ஒரு நியாயம் உண்டு. இலக்கணம் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். ‘தாழ்ந்தோர்’ என்பது தன்வினை. தாமே தாழ்ந்தார் என்று பொருள்படும். ‘தாழ்த்தப்பட்டோர்’ என்பது செயப்பாட்டுவினை. பிறர் செய்த வினைக்கு ஆட்பட்டார் என்று பொருள்படும். முன்னது பொய், பின்னது வரலாறு. அம்மாணவன் ‘தாழ்ந்தது’ என்று கேட்டானே, அதில்தான் நம் நெஞ்சு நொந்தது. செய்தவன் மறைந்து, செய்யப்பட்டவனே குற்றவாளியாகும் இடம் அது. மராத்தி மண்ணிலிருந்து வந்து இன்று நாடெங்கும் வழங்கும் ‘தலித்’ என்னும் சொல்லும் நொறுக்கப்பட்டவர் என்றே பொருள்படும். அதனை நாமே நமக்குச் சூட்டிக்கொண்டோம் என்பதே அதன் சிறப்பு.

முடிவுரை

அம்மாணவன் அன்று விண்ணப்பத்தை நம் மேசை மீதே வைத்து நிரப்பினான். சாதி என்ற இடத்திற்கு வந்ததும் சற்றே நிறுத்தி, “ஐயா, உங்கள் பெயரும் இந்தப் பட்டியலில் உண்டா?” என்று கேட்டான். “உண்டு. அதனால்தான் இந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம்” என்றோம். அவன் சிரித்துக்கொண்டே எழுதி முடித்தான்.

அச்சிரிப்புக்குப் பின்னால் எத்தனை பேர் உழைப்பு உள்ளது என்பதை எண்ணிப் பார்க்கின்றோம். பள்ளி இறுதிக்கு மேற்பட்ட படிப்பிற்கான மத்திய அரசின் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று கல்வியிலும் பணியிலும் நூற்றுக்குப் பதினெட்டு இடங்கள் பட்டியல் சாதியினருக்கு உள்ளன. இவை வானத்திலிருந்து விழுந்தவையல்ல. பட்டியலில் பெயர் எழுதப்படுவதற்கே ஒரு தலைமுறை போராடியது. அப்பெயரைச் சொல்ல நாணினால் அவர்தம் உழைப்பை நாணுகின்றோம் என்றே ஆகும்.

அதே வேளையில், பட்டியலில் இருப்பது போதும் என்று அமர்ந்துவிடவும் கூடாது. அத்தாள் வாயிலைத் திறக்கும். உள்ளே சென்று படிக்க வேண்டியவர் நாம். அப்பட்டியலுக்கு உள்ளும் முன்னே சென்றவர் பின்னே நிற்பவரை மறக்கலாகாது. தமிழ்நாட்டில் 2009இல் அருந்ததியர்க்கு நூற்றுக்கு மூன்று உள்ஒதுக்கீடு தரப்பட்டதும், அத்தகைய உட்பிரிவு செல்லுமென 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அவ்வுண்மையை நமக்கு நினைவூட்டும்.

நம் கல்விச் சங்கத்திற்கும் ஒரு பட்டியல் உண்டு. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் மாலை வகுப்பில் தரையில் அமர்ந்து படித்துச் சென்றவர்களின் பெயர்ப் பதிவேடு அது. அதுவும் ஒரு ஷெட்யூல்தான். அதனை எவரும் ஆணையிட்டு எழுதவில்லை. நம் பிள்ளைகள் தம் படிப்பால் எழுதினார்கள். அப்பட்டியல் நீளுக! அதில் பெயர் எழுத இன்னும் பலர் வருக!